படி ஏறும் சக்கரக்கால் ரோபோ: சக்கரம் பாதமாக மாறும் இடம்

நான்கு கால் ரோபோ ஒன்று, பாதம் இருக்க வேண்டிய இடத்தில் சக்கரங்களோடு, சமதரையில் வண்டி மாதிரி உருண்டு வருகிறது. படிக்கட்டு வந்ததும் காலை மடக்கி, நீட்டி, மேலே போய்விடுகிறது. இப்படிப்பட்ட வீடியோக்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. பார்ப்பவர்களுக்கு எழும் சந்தேகங்கள் நியாயமானவை. சக்கரம் இருக்கும்போது கால் எதற்கு? கால் இருந்தால் சக்கரம் எதற்கு? இவ்வளவு நன்றாக ஏறுகிறது என்றால் ஏன் எல்லா இடத்திலும் அவை உலவவில்லை?

இந்த வடிவமைப்பில் உண்மையிலேயே கடினமான பகுதி எது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். பலரும் நினைப்பதுபோல அது பேட்டரியும் இல்லை, வேகமும் இல்லை.

## முதலில் படிக்கட்டை அளந்துவிடுவோம்

படிக்கட்டில் மூன்று பகுதிகள் முக்கியம். செங்குத்தாக நிற்கும் முகம் ரைசர். கால் வைக்கும் கிடைப்பரப்பு ட்ரெட். ட்ரெட்டின் முன் விளிம்பு, பல படிகளில் ரைசரைத் தாண்டிச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் படியின் மூக்கு என்று சொல்வோம்.

இந்தக் கட்டுரை முழுவதும் ரைசர் 17.5 செ.மீ., ட்ரெட் 28 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மனிதக் கால்களுக்கு வசதியான படி ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கும். இதிலிருந்து இரண்டு எண்கள் கிடைக்கின்றன. படிக்கட்டின் சாய்வு 32 டிகிரி. ஒரு மூக்கிலிருந்து அடுத்த மூக்குக்குச் சாய்வாக அளந்தால் 33 செ.மீ. இவை இரண்டும் திரும்பத் திரும்ப வரும்.

## வெறும் சக்கரம் ஏன் தோற்கிறது

சக்கரம் ஒரு படியின் மூக்கைத் தொட்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது மேலே ஏற வேண்டுமென்றால் அந்த ஒற்றைப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு தன்னையும் தன்மேல் உள்ள சுமையையும் தூக்க வேண்டும். படி தாழ்வாக இருந்தால் தொடும் புள்ளி சக்கரத்தின் அடிப்பக்கம் இருக்கும், பிடி கிடைக்கும். படி உயர உயர அந்தப் புள்ளி சக்கரத்தின் முன்பக்கமாக நகரும், ரப்பர் வழுக்கும்.

கணக்கு எளிது. ரப்பருக்கும் படிக்கும் இடையே உராய்வு எண் 0.8 என்று தாராளமாகவே வைத்தாலும், பின்னாலிருந்து யாரும் தள்ளாத ஒரு சக்கரம் தன் ஆரத்தில் சுமார் 22 சதவீத உயரம்வரைதான் ஏறும். 17.5 செ.மீ. படிக்கு 80 செ.மீ. ஆரமுள்ள சக்கரம் தேவை. அதாவது ஒன்றரை மீட்டருக்கும் மேல் விட்டம். வீட்டுக்குள் வைத்துப் புழங்கவே முடியாது!

பின்சக்கரங்கள் தள்ளிக்கொடுத்தால் நிலைமை மேம்படும். ஆனால் படியின் உயரம் சக்கரத்தின் ஆரத்தை எட்டிவிட்டால், அச்சை எவ்வளவு வலுவாகக் கிடையாகத் தள்ளினாலும் அந்தத் தள்ளு மட்டும் சக்கரத்தை மேலே தூக்காது. 10 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்துக்கு 17.5 செ.மீ. ரைசர் வெறும் சுவர்தான்.

## கால் இல்லாமல் முயன்ற வழிகள்

சக்கரக்காலுக்கு முன்பே இந்தச் சுவரைத் தாண்டப் பல வழிகள் வந்தன. சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1. மூன்று சக்கரக் கொத்து. முக்கோணத்தின் முனைகளில் மூன்று சின்னச் சக்கரங்கள். ரைசரில் முட்டியதும் கொத்து முழுவதும் சுழன்று அடுத்த சக்கரத்தை மேலே வைக்கும். மூட்டை ஏற்றும் தள்ளுவண்டிகளில் இதைப் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், கொத்தின் அளவு படிக்குப் பொருந்த வேண்டும். நம் படிக்குக் கொத்தின் கை நீளம் 19 செ.மீ. வேறு அளவுள்ள படியில் ஒவ்வொரு சுழற்சிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பிப்போகும்.

2. பட்டைச் சங்கிலி. பீரங்கி வண்டியில் இருப்பது போன்றது. பட்டை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மூக்குகளைத் தொட்டுக்கொண்டிருந்தால் படிக்கட்டு அதற்கு ஒரு சாய்தளம் மாதிரிதான். 2011-இல் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடங்களுக்குள் போன பேக்பாட், குவின்ஸ் போன்ற ரோபோக்கள் இந்த வகை. நம்பகமானவை, ஆனால் சமதரையில் மெதுவானவை; திரும்பும்போது தரையைத் தேய்ப்பவை.

3. சுழலும் இரட்டைச் சக்கரம். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் உருவாக்கிய ஐபாட் (iBOT) சக்கர நாற்காலி, ஒரு ஜோடிச் சக்கரத்தின் மேல் இன்னொரு ஜோடியைச் சுழற்றி வைத்துப் படி ஏறியது. 2003-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. சமநிலையைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையை முதலில் தந்த சாதனங்களில் அது ஒன்று.

மூன்றிலும் ஒரு பொதுக் குறை உண்டு. படி ஏறுவதற்காகச் செய்த அமைப்பை சமதரையிலும் சுமந்துகொண்டே திரிய வேண்டும்.

## சக்கரக்கால் என்றால் என்ன

மடங்கி நீளும் காலின் நுனியில் மோட்டாரால் சுழலும் சக்கரம், அவ்வளவுதான். சமதரையில் கால் ஒரு சஸ்பென்ஷனாக மட்டும் வேலை செய்கிறது, சக்கரம் ஓடுகிறது. படியில் சக்கரம் பூட்டிக்கொண்டு பாதமாகிறது, கால் ஏறுகிறது. நான்கு கால் வடிவத்தில் பொதுவாக ஒரு காலுக்கு இடுப்பில் இரண்டு, முழங்காலில் ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. ஆக மொத்தம் 16 மோட்டார்கள்.

யோசனை புதிதல்ல. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஷிகேயோ ஹிரோசே 1990-களிலேயே ரோலர் வாக்கர் என்ற ரோபோவைச் செய்தார். அதன் சக்கரங்களுக்கு மோட்டாரே கிடையாது. ஸ்கேட்டிங் செய்பவரைப் போலக் காலை அசைத்து முன்னேறும். நாசா ஆறு சக்கரக்கால்களோடு அத்லெட் என்ற நிலவு வாகன மாதிரியைச் செய்தது. 2017-இல் பாஸ்டன் டைனமிக்ஸ் காட்டிய ஹேண்டில், இரண்டே சக்கரக்கால்களில் நின்று தாவியது. ஸூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் எனிமல் என்ற நான்கு கால் ரோபோவுக்குச் சக்கரம் பொருத்தினார்கள்; அதே பல்கலைக்கழக மாணவர்கள் அசென்டோ என்ற தாவும் இருசக்கர ரோபோவைச் செய்தார்கள். இன்று யூனிட்ரீ போன்ற நிறுவனங்கள் இவற்றை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டன.

## இரண்டு காலா, நான்கு காலா?

வடிவமைப்பவர் எடுக்கும் முதல் பெரிய முடிவு இது. படிக்கட்டு முக்கியம் என்றால் நான்கு கால்தான் சரியான தேர்வு. காரணம் மோட்டார் எண்ணிக்கையில் இல்லை, படியில் கிடைக்கும் இடத்தில் இருக்கிறது.

இரண்டு சக்கர ரோபோ நிற்பது, உள்ளங்கையில் குச்சியை நிறுத்துவது போன்றது. குச்சி சாயும் பக்கம் கை ஓட வேண்டும். நிறைமையம் (மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) அச்சுக்கு அரை மீட்டர் மேலே இருக்கும் ரோபோ 1 டிகிரி சாய்ந்த நிலையில் சும்மா விடப்பட்டால், அரை நொடியில் அந்தச் சாய்வு ஏறத்தாழ 4.5 டிகிரி ஆகிவிடும். அதற்குள் சக்கரம் அடியில் ஓடிப்போய் நின்றாக வேண்டும். சமதரையில் ஓட இடத்துக்குப் பஞ்சமில்லை.

படியில்? ட்ரெட்டின் ஆழம் 28 செ.மீ. சக்கரத்தின் ஆரம் 10 செ.மீ. என்றால், முன்னால் உள்ள ரைசரில் முட்டாமல் இருக்க அச்சு அதிலிருந்து 10 செ.மீ. தள்ளியே இருக்க வேண்டும். பின்னால் மூக்கைத் தாண்டினால் விழுந்துவிடும். மிஞ்சுவது 18 செ.மீ. அந்த 18 செ.மீ.க்குள் முன்னும் பின்னும் உருண்டுதான் முழு உடலையும் சமன்செய்ய வேண்டும்.

தாவி ஏறினால் இன்னும் இறுக்கம். 20 செ.மீ. தாவினால் காற்றில் இருக்கும் நேரம் சுமார் கால் நொடி. அதற்குள் ஒரு படி முன்னே போக வேண்டுமென்றால் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகம் தேவை. கால் மடங்குவதைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் மாறும், சாரம் மாறாது. இறங்கியதும் அந்த வேகத்தை 18 செ.மீ.க்குள் கொன்றுவிட்டு, அடுத்த தாவலுக்குத் தயாராக வேண்டும். இதைச் செய்துகாட்டியவர்களின் திறமை மலைக்க வைக்கிறது. ஆனால் சுமையோடு, நாளெல்லாம், ஆட்கள் நடமாடும் இடத்தில் செய்வதற்கு அது ஏற்ற வழியாகத் தெரியவில்லை.

இரண்டு காலையும் மாற்றி மாற்றி எடுத்து வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், அப்படிப்பட்ட ரோபோக்களும் உண்டு. ஆனால் ஒரு கால் தூக்கியிருக்கும் நேரத்தில் முழு ரோபோவும் ஒற்றைச் சக்கரத்தில் நிற்கிறது. முன்பின் சமநிலையோடு பக்கவாட்டுச் சமநிலையும் சேர்ந்துகொள்கிறது.

நான்கு காலில் ஒன்றைத் தூக்கினால் மீதி மூன்றும் ஒரு முக்கோணமாகத் தாங்கும். நிறைமையம் அந்த முக்கோணத்துக்கு மேலே இருக்கும்வரை ரோபோ அப்படியே நிற்கலாம். நடுவழியில் நின்று யோசிக்க முடிவது படிக்கட்டில் மிகப் பெரிய வசதி.

## ஒரே ஒரு படி, நெருக்கமாக

நான்கு சக்கரக்கால் ரோபோ முதல் படியில் முன்காலை வைக்கும் அந்த ஒரு நொடியை விரித்துப் பார்ப்போம்.

1. முன்சக்கரம் ரைசரை நெருங்குகிறது. முட்டினால் சக்கர மோட்டாரில் மின்னோட்டம் சட்டென்று ஏறும். கேமரா இல்லாத ரோபோகூட இதை வைத்து ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று தெரிந்துகொள்ளும்.

2. உடல் பின்பக்கமாகவும், தூக்கப்போகும் காலுக்கு எதிர்ப்பக்கமாகவும் சற்று நகர்கிறது. எடை மற்ற மூன்று சக்கரங்களுக்குப் போகிறது.

3. அந்த மூன்று சக்கரங்களும் பூட்டப்படுகின்றன. ரப்பர் பாதம் என்றால் வைத்த இடத்தில் தானாக நிற்கும். சக்கரம் உருளத்தான் பார்க்கும். மோட்டார் அதை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

4. கால் மடங்கி மேலே வருகிறது. சக்கரத்தின் அடிப்பாகம் 17.5 செ.மீ.யைத் தாண்டினால் போதாது. மூக்கு நீட்டிக்கொண்டிருந்தால் மேலேறும் சக்கரம் அதன் அடியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் கொஞ்சம் பின்வாங்கி, உயர்ந்து, பிறகு முன்னே போக வேண்டும்.

5. சக்கரம் ட்ரெட்டில் இறங்குகிறது. எந்த இடத்தில் என்பது முக்கியம். மூக்கின் மேலேயே இறங்கினால் வழுக்கும். நடுவில் இறங்கினால் உருளும். உள்ளே தள்ளி, அடுத்த ரைசரில் லேசாக ஒட்டி நின்றால் கீழே ஒரு தொடுபுள்ளி, முன்னால் ஒரு தொடுபுள்ளி என்று சக்கரம் மூலைக்குள் உட்கார்ந்துகொள்ளும். பாதமாக இருக்கச் சக்கரத்துக்குக் கிடைக்கும் மிக நல்ல இடம் அந்த மூலைதான்.

6. எடை முன்காலுக்கு மாறுகிறது, அடுத்த கால் கிளம்புகிறது.

வேகமாக ஏறும் ரோபோக்கள் இதை இப்படித் தனித்தனியாகச் செய்வதில்லை. சக்கரத்தை ரைசரின் மேல் அழுத்தி உருட்டிக்கொண்டே காலை மடக்குகின்றன. பின்சக்கரங்கள் தள்ளுவதால் முன்சக்கரத்துக்குச் சுவரில் பிடி கிடைக்கும். உருள்வதும் நடப்பதும் கலந்த அசைவு அது.

## முழங்காலில்தான் எல்லாச் சுமையும்

பேட்டரியைப் பற்றிய பயத்தை முதலில் போக்கிவிடலாம். 40 கிலோ ரோபோவை ஒரு படி தூக்க 69 ஜூல் போதும். 15 படிக்குச் சுமார் 1030 ஜூல், அதாவது 0.3 வாட்-மணிக்கும் குறைவு. மோட்டாரில் வீணாவதை எல்லாம் சேர்த்துப் பல மடங்கு என்று வைத்தாலும் லேப்டாப் பேட்டரிக்கே இது சிறிய வேலை.

கஷ்டம் முறுக்குவிசையில், அதாவது மூட்டைத் திருப்பும் விசையில் இருக்கிறது. அந்த ரோபோ முன்காலைத் தூக்கும்போது பின்கால் ஒன்று பாதி எடையைத் தாங்குகிறது என்று கொள்வோம்: 196 நியூட்டன். முழங்கால் அந்த விசையின் கோட்டிலிருந்து கிடையாக 20 செ.மீ. விலகியிருந்தால், முழங்கால் மோட்டார் 39 நியூட்டன்-மீட்டர் தர வேண்டும். அசையாமல் நிற்பதற்கே இவ்வளவு. அதிர்ச்சியும் வேகமும் சேர்ந்தால் இரட்டிப்பாகலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். மோட்டாரில் உண்டாகும் சூடு முறுக்குவிசையின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். காலைக் கொஞ்சம் நிமிர்த்தி விலகலை 10 செ.மீ. ஆக்கினால் முறுக்குவிசை பாதி, சூடு கால்வாசி. முட்டியை மடக்கிக்கொண்டே நிற்கும் மனிதருக்குத் தொடை வலிப்பதும் இந்த விலகலால்தான். படிக்கட்டு நடுவே மோட்டார் சூடாகி நிற்கும் ரோபோவுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது பெரிய மோட்டார் இல்லை, நல்ல நிற்கும் தோரணை.

அப்புறம் கியர். மோட்டார் 100 சுற்று சுற்றினால் மூட்டு 1 சுற்று திரும்பும் மாதிரி அதிகக் குறைப்பு விகிதம் வைத்தால் சின்ன மோட்டாரே போதும். ஆனால் சக்கரம் படியில் மோதும் அதிர்ச்சி முழுவதும் கியர் பற்களுக்குப் போகும். 6 முதல் 10 வரையான குறைந்த விகிதம் வைத்தால் கால் வெளியிலிருந்து தள்ளினாலும் வளைந்துகொடுக்கும். மோதலை மோட்டாரே உணரும். எம்.ஐ.டி.யின் சீட்டா ரோபோக்கள் இந்த வழியைப் பிரபலமாக்கின. இன்றைய பெரும்பாலான சக்கரக்கால் ரோபோக்களும் இந்தப் பக்கம்தான். இதற்கான விலை, சும்மா நிற்கும்போதும் மோட்டார் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருப்பது.

சக்கர மோட்டாரை எங்கே வைப்பது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. 1.5 கிலோ மோட்டார் காலின் நுனியில், இடுப்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருந்தால், அதை ஆட்டுவதற்கு உள்ள தடை, அதே மோட்டார் 10 செ.மீ. தொலைவில் இருப்பதைவிட 25 மடங்கு. மேலே வைத்துப் பெல்ட் வழியாகச் சக்கரத்தைச் சுழற்றலாம்; அப்போது பெல்ட்டின் இழுவை, தேய்மானம், தூசி என்று வேறு தொல்லைகள் வரும். படி ஏறுவதில் கால் மெதுவாகத்தான் அசைகிறது என்பதால், சக்கரத்துக்குள்ளேயே மோட்டாரை வைப்பதுதான் நடைமுறையில் எளிது.

## கவிழாமல் இருக்க எத்தனை செ.மீ. மிச்சம்?

உடல் படிக்கட்டுக்கு இணையாகச் சாய்ந்து ஏறுகிறது என்று வைப்போம். முன்பின் சக்கரங்களுக்கு இடையே 60 செ.மீ. நிறைமையம் சாய்தளத்திலிருந்து 40 செ.மீ. உயரத்தில். 32 டிகிரி சாய்வில் அந்த நிறைமையம் பின்பக்கமாக 25 செ.மீ. நகர்ந்துவிடும். பின்சக்கரம் இருப்பது 30 செ.மீ.யில். மிச்சம் 5 செ.மீ. மட்டுமே.

முதுகில் ஒரு பெட்டியை வையுங்கள். நிறைமையம் 50 செ.மீ. ஆகட்டும். நகர்வு 31 செ.மீ. ரோபோ பின்னோக்கிக் கவிழும்.

கால் இருப்பதன் முழுப் பயனும் இங்கே தெரிகிறது. முன்காலை மடக்கி, பின்காலை நீட்டினால் உடல் கிடையாக வரும். நிறைமையம் நடுவுக்கு நகரும். ஆனால் காலுக்கு அவ்வளவு நீட்டம் இருக்க வேண்டும். 60 செ.மீ. இடைவெளிக்கு 32 டிகிரியில் முன்பின் உயர வேறுபாடு 32 செ.மீ. காலின் நீளத்தைத் தீர்மானிப்பது இந்த எண்தான்.

இன்னொரு பொறி உண்டு. சக்கர இடைவெளி 33 செ.மீ.யின் முழு மடங்காக, அதாவது 66 செ.மீ. ஆக அமைந்தால், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே நேரத்தில் ரைசரில் முட்டும். சுமை உச்சத்துக்குப் போகும். 50 செ.மீ. அளவில் இருந்தால் ஒன்று முட்டும்போது மற்றது ட்ரெட்டில் நிம்மதியாக இருக்கும். நிலையான அச்சுள்ள வண்டிக்கு இது தலைவலி. சக்கரக்கால் ரோபோ காலை முன்பின் நகர்த்தி இடைவெளியை அங்கேயே மாற்றிக்கொள்ளும்.

## கண்ணும் மூளையும்

16 மோட்டார்களும் ஒவ்வொரு நொடியும் என்ன செய்ய வேண்டும் என்று கையால் விதி எழுதுவது ஒரு வழி. அடுத்த சில கணங்களைக் கணித்து, தொடர்ந்து திருத்திக்கொண்டே போகும் முறை அது. உருள்வதா, நடப்பதா என்று எப்போது மாறுவது என்பதில்தான் அது தடுமாறும்.

இன்னொரு வழி, சிமுலேஷனில், அதாவது கணினிக்குள் உருவாக்கிய போலி உலகில் பழக்குவது. 2021-இல் ஈ.டி.எச்.சும் என்விடியாவும் சேர்ந்து, ஆயிரக்கணக்கான கால் ரோபோக்களை ஒரே கிராஃபிக்ஸ் கார்டில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, படிகள் உள்ளிட்ட கரடுமுரடான தரையில் நடக்க 20 நிமிடத்தில் பழக்க முடியும் என்று காட்டினார்கள். இந்த முறை சக்கரக்கால்களுக்கும் வந்தது. 2024-இல் ஈ.டி.எச். குழு, ஸூரிச், செவில் நகரத் தெருக்களில் தங்கள் சக்கரக்கால் ரோபோவைக் கிலோமீட்டர் கணக்கில் தானாக ஓடவிட்டதை வெளியிட்டது. எப்போது உருள வேண்டும், எப்போது காலெடுத்து வைக்க வேண்டும் என்பதை அது பழக்கத்தின் வழியே தானே கற்றுக்கொண்டது.

சிமுலேஷன் உலகம் நிஜம் இல்லையே என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. பழக்கும்போதே உராய்வு, எடை, மோட்டாரின் தாமதம் எல்லாவற்றையும் வேண்டுமென்றே மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். அவ்வளவு விதமான உலகங்களில் நின்று பழகியதற்கு நிஜமும் இன்னோர் உலகம்போல ஆகிவிடும்.

கண்ணாக, லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடாரோ ஆழம் அளக்கும் கேமராவோ இருக்கும். அது முன்னால் உள்ள தரையை உயர வரைபடமாக மாற்றும். கண்ணாடிப் படியும், ரைசரே இல்லாத திறந்த படியும் இந்தக் கண்ணை எளிதில் ஏமாற்றும். திறந்த படியில் சக்கரம் உட்கார மூலையும் கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

## இறங்குவதுதான் உண்மையான தேர்வு

ஏறும்போது தவறினால் ரோபோ பெரும்பாலும் அதே படியிலேயே நிற்கும். இறங்கும்போது தவறினால் புவியீர்ப்பு அதைக் கீழே கொண்டுபோகும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு ரைசர் தெரியாது. கீழ்ப்படி மேல்படிக்குப் பின்னால் மறைந்திருக்கும். உருளும் சக்கரத்துக்கு ஒவ்வொரு மூக்கும் ஒரு சின்னப் பள்ளம். ஒவ்வொரு படியிலும் விழும் உடலை முழங்கால் பிடித்து நிறுத்த வேண்டும். அப்போது மோட்டார் மின்சாரம் உண்டாக்கும் பக்கமாக மாறும். அந்த மின்சாரம் போக பேட்டரியிலோ வேறெங்கோ இடம் இல்லையென்றால் மின்னழுத்தம் ஏறி, கட்டுப்பாட்டுச் சுற்று தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துபோகலாம். முழுதாக சார்ஜ் செய்த உடனே படி இறங்குவது பொறியாளர்கள் தனியாகச் சோதிக்க வேண்டிய நிலை.

ஆகவே ஒரு சக்கரக்கால் ரோபோவை மதிப்பிட விரும்பினால், ஏறும் வீடியோவோடு இவற்றையும் கேளுங்கள்:

1. சுமையோடு இறங்குகிறதா?
2. நடுப்படியில் நின்று, திரும்பி, வந்த வழியே போக முடிகிறதா?
3. ஈரப் படியில் என்ன ஆகிறது?
4. பாதி வழியில் மின்சாரம் அறுந்தால் என்ன ஆகிறது?

நான்காவதுக்கு இன்றைக்குப் பல வடிவங்களில் முழுமையான பதில் இல்லை. வளைந்துகொடுக்கும் கியர் உள்ள கால், மின்சாரம் போனதும் தொய்ந்துவிடும். சக்கரம் கட்டவிழ்ந்து உருளத் தொடங்கும். மின்சாரம் போனதும் தானாகப் பிடித்துக்கொள்ளும் பிரேக்கைச் சக்கரத்தில் வைக்கலாம். அது ஒவ்வொரு காலின் நுனியிலும் எடை கூட்டும். அந்த எடையைத் தூக்க முழங்கால் மேலும் உழைக்க வேண்டும். கீழே ஒரு மனிதர் ஏறி வந்துகொண்டிருக்கக்கூடிய படிக்கட்டில் 40 கிலோ ரோபோவை அனுப்புவதென்றால், அந்த எடையை வடிவமைப்பின் முதல் நாளிலேயே கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.